டயலை ‘எம்’முக்குத் திருப்பியாயிற்று, அப்புறம்?

கேமரா வாங்கி மாதக்கணக்கில் ஆகியும் மேலே இருக்கும் அந்த டயலை ஆட்டோவை விட்டு நகர்த்தாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் ஒன்றரை வருடம் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை தைரியமாக ‘எம்’முக்கு, அதாவது மேனுவல் மோடுக்குத் திருப்பி ஒரு படம் எடுத்தேன், மொத்தமும் கறுப்பு. லென்ஸ் மூடியைக் கழற்றினோமா என்று பார்த்தேன், கழற்றித்தான் இருந்தது. இன்னொரு படம், அதுவும் கறுப்பு. டயலை ஆட்டோவுக்கே திருப்பிவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, வீட்டு விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டு 1/4000 வினாடியில் படம் எடுத்திருக்கிறேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மேனுவல் மோடு என்றால் கேமரா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும், எல்லாக் கணக்கையும் நாமே மனத்துக்குள் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெளிச்சத்தை அளப்பதை அது நிறுத்துவதே இல்லை. கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருக்கும், முடிவை மட்டும் நம்மிடம் விட்டுவிடும். நம் கையில் இருப்பவையும் மூன்றே மூன்றுதான்: லென்ஸுக்குள் இருக்கும் துளையின் அளவான அப்பர்ச்சர், வெளிச்சத்தை உள்ளே விடத் திறந்து மூடும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம், வந்த வெளிச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஐஎஸ்ஓ. எடுக்கப்போகும் படத்துக்கு இந்த மூன்றில் எது முக்கியம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும், மற்ற இரண்டையும் அதற்கு ஏற்றபடி வளைக்க வேண்டும். இதற்கு மேல் இதில் ரகசியம் எதுவும் இல்லை, பழக்கம்தான் வேண்டும்.

படம் எடுப்பதற்கு முன்

அரை மணி நேரம் கேமராவும் கையுமாக உட்காருங்கள். அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் மாற்றுவது எப்படி என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. இரண்டு டயல் இருக்கும் கேமரா என்றால் ஒன்று ஷட்டருக்கு, இன்னொன்று அப்பர்ச்சருக்கு, பிரச்சினை இல்லை. ஒரே டயல் உள்ள ஆரம்பநிலை கேமராக்களில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள், டயலைச் சுற்றினால் ஷட்டர் மட்டும் மாறும், அப்பர்ச்சர் அசையவே அசையாது. கேனான், நிக்கான் இரண்டின் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களிலும் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு சின்ன பட்டன் இருக்கும், அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே டயலைச் சுற்றினால் அப்பர்ச்சர் மாறும். இது தெரியாமல் கேமரா பழுது என்று நினைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள். கற்றுக்கொள்கிற காலத்தில் இது மிக முக்கியம். ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்தால் நீங்கள் ஷட்டரை எவ்வளவு மாற்றினாலும் கேமரா பின்னால் இருந்து ஐஎஸ்ஓவை ஏற்றி இறக்கி எல்லாப் படத்தையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடும், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். பிற்பாடு மேனுவலோடு ஆட்டோ ஐஎஸ்ஓவைச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்ல உத்திதான், இப்போது வேண்டாம்.

படத்தை ரா (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), ஜேபெக் (உடனே பார்க்கும்படி சுருக்கிய சாதாரணப் படக் கோப்பு) இரண்டிலும் சேமிக்கச் சொல்லுங்கள். மெனுவில் ஹைலைட் எச்சரிக்கை என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிட்டால் படத்தில் வெளுத்துப்போன இடங்கள் திரையில் கண் சிமிட்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் குட்டிச் சக்கரத்தைத் திருப்பி உள்ளே தெரியும் எண்கள் துல்லியமாகத் தெரிகிற இடத்தில் விடுங்கள், கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம். ஃபோகஸை ஆட்டோவிலேயே விட்டுவிடுங்கள். மேனுவல் மோடு வேறு, மேனுவல் ஃபோகஸ் வேறு, ஒன்றுக்குப் போனால் மற்றதுக்கும் போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

எண்கள் ஏன் இப்படிக் குழப்புகின்றன

திரையில் 125 என்று இருந்தால் அது 1/125 வினாடி, பல கேமராக்கள் மேலே இருக்கும் ஒன்றைக் காட்டுவதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் இரட்டை மேற்கோள் போல இரண்டு கோடு இருந்தால் அது முழு வினாடி. ஆக 2 என்று எழுதி இரட்டைக் கோடு போட்டிருந்தால் இரண்டு வினாடி, வெறும் 60 என்றால் வினாடியில் அறுபதில் ஒரு பங்கு. இதைப் பார்க்காமல் இரண்டு வினாடியில் கையில் பிடித்துக்கொண்டு எடுத்தால் வருவது படம் இல்லை, கோடுகள்.

எஃப் என்று போட்டு எழுதும் அப்பர்ச்சர் எண் தலைகீழாகப் போகும், எண் சின்னதானால் துளை பெரிது. காரணம் எளிது, அது துளையின் அளவே இல்லை, லென்ஸின் குவியத் தூரத்தை (லென்ஸின் மேல் மில்லிமீட்டரில் எழுதியிருக்குமே, அது) துளையின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண். 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 2-இல் வைத்தால் துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர், எஃப் 8-இல் வைத்தால் 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வகுக்கும் எண் பெரிதானால் துளை சுருங்கத்தானே செய்யும்.

இனி ஸ்டாப் என்ற சொல். வெளிச்சம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப் கூடியது, பாதியானால் ஒரு ஸ்டாப் குறைந்தது. ஷட்டரில் 1/60, 1/125, 1/250, 1/500 என்று போவது ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாப். ஐஎஸ்ஓவில் 100, 200, 400, 800, 1600. அப்பர்ச்சரில் மட்டும் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று வினோதமாகப் போகும், வெளிச்சம் துளையின் பரப்பைப் பொறுத்தது, விட்டத்தை இரண்டால் வகுத்தால் பரப்பு நாலில் ஒன்றாகிவிடும், அதனால்தான் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 1.4 மடங்கு. இந்த வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டாம், பத்து நாள் படம் எடுத்தால் தானாக வாயில் வந்துவிடும். பெரும்பாலான கேமராக்களில் டயல் ஒரு ‘டிக்’ நகர்ந்தால் ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கு, மூன்று டிக் சேர்ந்தால் ஒரு முழு ஸ்டாப். இந்த மூன்று டிக் கணக்கு மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு மேஜை

பகலில் ஜன்னல் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு அதன் மேல் அசையாத பொருள் ஒன்றை வையுங்கள், பொம்மையோ பழைய ஷூவோ எதுவானாலும் சரி. அதற்குப் பின்னால் இரண்டு மூன்று அடி தள்ளி இன்னொரு பொருள். ஐஎஸ்ஓ 400, அப்பர்ச்சர் எஃப் 5.6. இப்போது வியூஃபைண்டருக்குள் பாருங்கள், நடுவில் பூஜ்யமும் இரண்டு பக்கமும் கூட்டல் கழித்தலுமாக ஒரு அளவுகோல் தெரியும், அதுதான் மீட்டர். முள் பூஜ்யத்துக்கு வரும்வரை ஷட்டரை மட்டும் சுற்றுங்கள். வந்ததா, எடுங்கள். முதல் மேனுவல் படம் ஆயிற்று.

அடுத்து ஷட்டரை மூன்று டிக் ஒரு பக்கம் நகர்த்தி ஒன்று, மறு பக்கம் நகர்த்தி ஒன்று. ஒன்று இருட்டாக வரும், ஒன்று வெளுப்பாக வரும், ஒரு ஸ்டாப் என்றால் கண்ணுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று அப்போது பிடிபடும்.

இதற்கு அடுத்ததுதான் முக்கியமான பயிற்சி. எஃப் 5.6-க்கு ஷட்டர் 1/60 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்பர்ச்சரை எஃப் 8-க்கு மூடுங்கள், வெளிச்சம் பாதியாகிவிட்டது, அதை ஈடுகட்ட ஷட்டரை மூன்று டிக் மெதுவாக்கி 1/30-க்குக் கொண்டுவாருங்கள். மறுபடி எஃப் 11, 1/15. மூன்று படத்திலும் வெளிச்சம் ஒன்றுதான், ஆனால் படம் ஒன்றில்லை, பின்னால் இருக்கும் பொருள் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகிக்கொண்டே வரும், கையில் பிடித்து எடுத்திருந்தால் 1/15-இல் மொத்தமும் லேசாக ஆடியும் இருக்கும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்ளும் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் புரிந்துகொண்டவருக்கு மேனுவலில் முக்கால்வாசி முடிந்தது. முதல் நாளே புரியாவிட்டால் மறுநாளும் அதே மேஜையில் உட்காருங்கள். நான் நாலு நாள் உட்கார்ந்தேன்.

கேமராவோடு சேர்ந்தே வரும் 18-55 லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் அகலமான கோணத்தில் எஃப் 3.5 வரை திறக்கும், ஜூம் செய்து 55-க்குப் போனால் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 3.5-இல் எல்லாம் சரியாக வைத்துவிட்டு ஜூம் செய்தால் படம் திடீரென்று இருட்டாவது இதனால்தான், நீங்கள் எதையும் தொடவில்லை, லென்ஸ் தானாக மூடிக்கொண்டது. பயிற்சியின்போது எஃப் 5.6-இலிருந்தே தொடங்கச் சொன்னதும் இதற்குத்தான்.

ஷட்டர்: ஆடியது யார், நீங்களா அவர்களா?

படம் தெளிவில்லாமல் வந்தால் மூன்று காரணம் இருக்கலாம்: ஃபோகஸ் தப்பியிருக்கலாம், உங்கள் கை ஆடியிருக்கலாம், எதிரில் இருப்பவர் ஆடியிருக்கலாம். புதியவர்கள் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு லென்ஸைத் திட்டுகிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வேறு ஏதாவது ஒரு இடம் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறு. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை. சுவரும் நாற்காலியும் தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலைந்திருந்தால் ஆள் நகர்ந்திருக்கிறார்.

கை ஆட்டத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸின் குவியத் தூரம் எவ்வளவோ ஷட்டர் அதில் ஒரு பங்கை விட மெதுவாகப் போகக் கூடாது, 50 மில்லிமீட்டர் என்றால் 1/50, 200 என்றால் 1/200. படத்தைப் பதிவு செய்யும் சென்சார் சின்னதாக இருக்கும் கேமராவில் இதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும், 200-க்கு 1/300 பக்கம். லென்ஸிலோ கேமராவிலோ ஆட்டத்தைத் தடுக்கும் வசதி இருந்தால் இதற்கும் கீழே போகலாம், ஆனால் அது உங்கள் கை ஆட்டத்தைத்தான் தடுக்கும், ஓடுகிற குழந்தையை நிறுத்தி வைக்காது. நடந்து வருகிறவருக்கு 1/250, ஓடியாடும் குழந்தைக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/1000-உம் அதற்கு மேலும், இவற்றைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு 1/1000-இல் ஒரு படம், 1/15-இல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முதலாவதில் தண்ணீர் கண்ணாடித் துண்டுகளாக உடைந்து நிற்கும், இரண்டாவதில் வெள்ளை நூலாக வழியும். எது சரி என்று கேட்டால் இரண்டும் சரிதான், உங்களுக்கு எது வேண்டும் என்பதுதான் கேள்வி, அதை ஆட்டோ மோடால் ஊகிக்க முடியாது.

அப்பர்ச்சர், அப்புறம் ஐஎஸ்ஓ

பின்னணி மங்க வேண்டும் என்றால் துளையைத் திற என்று எல்லோரும் சொல்வார்கள், பாதிதான் உண்மை. எடுக்கும் பொருளுக்கு நீங்கள் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்கள், லென்ஸ் எவ்வளவு நீளம், பின்னணி எவ்வளவு தள்ளி இருக்கிறது, இவையும் அதே அளவு முக்கியம். எஃப் 5.6-இலேயே 55-க்கு ஜூம் செய்து, ஆளைச் சுவரை விட்டு நாலடி முன்னால் நிறுத்தி, நீங்களும் கிட்டே போனால் பின்னணி நன்றாகவே மங்கும். மறுபக்கம், எஃப் 1.8 லென்ஸ் வாங்கிய உற்சாகத்தில் எல்லாவற்றையும் 1.8-இல் எடுக்கிறவர்கள் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் நிறைய படம் வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று வரிசையில் ஆட்கள் நின்றால் எஃப் 5.6-க்குக் குறையாமல், முடிந்தால் 8. இயற்கைக் காட்சிக்கு 8 முதல் 11. எல்லாம் தெளிவாக வரட்டும் என்று 22-க்குப் போகாதீர்கள், அவ்வளவு சின்னத் துளையில் ஒளி விளிம்பில் பட்டுச் சிதறும், படம் முழுவதும் லேசாக மழுங்கிவிடும்.

ஐஎஸ்ஓவைப் பற்றிச் சுருக்கமாக: அதை ஏற்றுவதால் உள்ளே வரும் வெளிச்சம் கூடுவதில்லை, வந்த கொஞ்சத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, கூடவே நாய்ஸும், அதாவது மணல் தூவியது போன்ற புள்ளிகளும் எடுப்பாகத் தெரிகிறது. இதற்குப் பயந்து ஐஎஸ்ஓ 100-ஐ விட்டு நகராமல் இருட்டறையில் 1/8-இல் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. நாய்ஸ் உள்ள படத்தைப் பார்க்கலாம், மென்பொருளில் ஓரளவு சரிசெய்யவும் செய்யலாம். ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. வேண்டிய ஷட்டருக்கும் அப்பர்ச்சருக்கும் 3200 தேவையென்றால் 3200 வையுங்கள்.

ஆகவே களத்தில் வரிசை இப்படித்தான். எதிரில் இருப்பது நகர்கிறதா? அப்படியென்றால் ஷட்டரை முதலில் முடிவு செய்யுங்கள், துளையை முடிந்தவரை திறங்கள், மீதிக் குறையை ஐஎஸ்ஓவில் தீருங்கள். நகரவில்லை, பின்னணிதான் முக்கியமா? அப்பர்ச்சரை முதலில் வையுங்கள், கை ஆடாத அளவுக்கு ஷட்டர், மீதி ஐஎஸ்ஓ. டிரைபாடில் நிற்கிறது, எதிரில் எதுவும் அசையவில்லையா? ஐஎஸ்ஓ 100, வேண்டிய அப்பர்ச்சர், ஷட்டர் எத்தனை வினாடி ஆனாலும் ஆகட்டும்.

பூஜ்யத்தை அப்படியே நம்ப வேண்டாம்

வெள்ளைத் தாள் ஒன்றை வியூஃபைண்டர் நிறையும்படி வைத்து மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து எடுங்கள். தாள் சாம்பல் நிறத்தில் வரும். கறுப்புத் துணியை அதே மாதிரி எடுங்கள், அதுவும் சாம்பல்தான். மீட்டருக்குத் தாளும் தெரியாது துணியும் தெரியாது, எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். அதனால் வெள்ளை நிறைந்த காட்சியில் முள்ளை ஒன்றரை ஸ்டாப் போலக் கூட்டல் பக்கம் தள்ள வேண்டும், கறுப்பு நிறைந்த காட்சியில் கழித்தல் பக்கம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்பவரைப் பூஜ்யத்தில் எடுத்தால் முகம் இருண்டு போவதும் இதனால்தான், முகத்துக்குப் பக்கத்தில் போய் அளந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து எடுங்கள், மேனுவலில் வைத்த எண் வைத்தபடியே நிற்கும்.

நிலாவை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். ஆட்டோவில் வெள்ளைப் பொட்டு ஒன்றுதான் கிடைக்கும், ஏனென்றால் சுற்றியிருக்கும் இருட்டைப் பார்த்து மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. நிலா வெயிலில் காய்கிற பாறை, அதற்குப் பகல் வெளிச்சக் கணக்குதான். ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/100-இல் தொடங்குங்கள், முழுநிலவில் திட்டுகள் எல்லாம் தெரியும். மீட்டரே இல்லாவிட்டாலும் சுள்ளென்ற வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16, 1/100 என்ற பழைய கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். அதையே எஃப் 8, 1/400 என்று மாற்றிக்கொள்ளலாம், மூன்று டிக் கணக்குதான்.

திரையில் தெரியும் படத்தின் பிரகாசத்தையும் ரொம்ப நம்பாதீர்கள், இருட்டில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும். படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடம் வலது ஓரத்தில் சுவரில் மோதியது போல நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் அங்கே விவரம் போய்விட்டது, ராவில்கூட முழுக்க மீட்க முடியாது. இருண்ட பகுதியை ஓரளவு தூக்கலாம்.

விளக்கு வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக வந்தால் பயப்பட வேண்டாம், சில விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இலும், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/125-இலும் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை இப்போதைக்கு ஆட்டோவில் விடுங்கள், ராவில் எடுத்தால் அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

எப்போதும் மேனுவல்தான் என்று வைராக்கியம் வேண்டாம். வெயில் மேகத்துக்குள் போய்ப் போய் வருகிற நாளில் நானே அப்பர்ச்சரை மட்டும் என் கையில் வைத்துக்கொண்டு ஷட்டரைக் கேமராவிடம் விட்டுவிடுவேன், டயலில் ‘ஏ’ அல்லது ‘ஏவி’ என்று இருப்பது அதுதான். வெளிச்சம் மாறாமல் பின்னணி மட்டும் மாறுகிற இடத்தில்தான் மேனுவல் உண்மையிலேயே ஜெயிக்கும், கறுத்த மரத்திலிருந்து வெளுத்த வானத்துக்குப் பறக்கும் பறவை, பல படங்களை ஒட்டிச் சேர்க்கும் அகலக் காட்சி, மேடை விளக்கு மாறாமல் எரியும் நிகழ்ச்சி.

கடைசியாக, கேமராவைப் பைக்குள் வைக்கும் முன் ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 1/125-க்குத் திருப்பி வையுங்கள். ஒரு இரவு ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்துவிட்டு அப்படியே மூடி வைத்தேன், மறுநாள் பளிச்சென்ற வெயிலில் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து ஷட்டரையும் அப்பர்ச்சரையும் மட்டுமே பார்த்துக்கொண்டு இருநூறுக்கு மேல் எடுத்தேன். ஷட்டர் 1/4000-இல் நிற்கிறதே என்று ஒரு முறைகூட தோன்றவில்லை, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால் வானம் முழுக்க மணல்.